என் கிளினிக்கின் வெப்சைட் சொன்ன ஒரு பொய்



வழக்கமாக சுகர், பிரஷர், காய்ச்சல் என்று எழுதும் நான் இன்று வெப்சைட் பற்றி எழுதப் போகிறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பதிவு நீளம்தான். கடை வைத்திருப்பவர்கள், சிறு தொழில் செய்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், மண்டபம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழைக்காலம். ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். போன் அடித்தது. என் கிளினிக்குக்குப் பக்கத்து ஏடிஎம் வாட்ச்மேன் அண்ணன்.

"சார், ஒரு பொம்பளைப் புள்ளைய பைக்ல நடுவுல உக்கார வச்சு கூட்டிட்டு வந்திருக்காங்க. ஷட்டரைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. புள்ள கண்ணையே தொறக்க மாட்டேங்குது."

என் கிளினிக் காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் மூன்றரை மணி நேரம். இரவில் பூட்டிவிடுவோம். நான் ஒரே டாக்டர், இரண்டு சிஸ்டர்கள், அவ்வளவுதான். ராத்திரி யாரும் வருவதில்லை.

போனை அந்தக் கணவரிடம் கொடுக்கச் சொன்னேன். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் மனைவிக்கு வயிற்று வலி, வாந்தி. கேஸ் என்று நினைத்து சோடா கொடுத்திருக்கிறார். ஒரு மணிக்கு மேல் "தொண்டை அடைக்குதுங்க" என்றாராம். இமை தானாக மூடிக்கொள்கிறது. பேச்சு குழறுகிறது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மழைக்காலம், தரையில் படுக்கை, நள்ளிரவில் வயிற்று வலி, அப்புறம் இமை சரிவு. கட்டுவிரியன் கடி இப்படித்தான் வரும். கடித்தது வலிக்காது, பல நேரம் பல் தடம் கூடத் தெரியாது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள தொடர்பை அறுத்துவிடும். முதலில் இமை, அப்புறம் தொண்டை, கடைசியில் மூச்சு.

"உடனே 108 கூப்பிடுங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். நான் போய்ச் சேரும்போது மூச்சு மேலோட்டமாகிவிட்டது. கிளினிக்கைத் திறந்து ஆம்பு பையை எடுத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் ஏறினேன். அரசு மருத்துவமனை போய்ச் சேரும்வரை பையை அமுக்கிக்கொண்டே போனேன். அங்கே இரண்டரை மணிக்கு விஷமுறிவு மருந்து ஏறியது, மூச்சுக்குழாயில் டியூப் போட்டார்கள். பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வெண்டிலேட்டர். நான்காம் நாள் டியூப் எடுத்தார்கள். அந்தத் தங்கச்சி இன்று நன்றாக இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் மீதியைப் படியுங்கள்.

இனிமேல்தான் விஷயம்.

அவர்கள் வீட்டிலிருந்து அரசு மருத்துவமனை 7 கிலோமீட்டர், மேற்கே. என் கிளினிக் 9 கிலோமீட்டர், கிழக்கே. நேராக அங்கே போயிருந்தால் ஒன்றே முக்காலுக்குள் மருந்து ஏறியிருக்கும். கிட்டத்தட்ட 50 நிமிடம் வீண். ஏன் எதிர்த்திசையில் வந்தார்கள்?

ஐந்தாம் நாள் வார்டில் அவர் கணவரைப் பார்த்தேன். கொத்தனார் வேலை. கையைக் கட்டிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"சார், உங்க வெப்சைட்ல 24 மணி நேரமும் அவசர சிகிச்சைன்னு போட்டிருந்துச்சு சார். அதான் வந்தோம். நம்பரும் போட்டுப் பார்த்தேன், போகல."

போனைத் திறந்து காட்டினார். ஆமாம். என் படம், என் பெயர். அதற்குக் கீழே சிவப்புக் கட்டத்தில் ஒரு ஆம்புலன்ஸ் படத்தோடு "24 மணி நேரமும் அவசர சிகிச்சை".

என்னிடம் ஆம்புலன்ஸ் கிடையாது. இரவு டாக்டர் கிடையாது. விஷமுறிவு மருந்தும் கிடையாது.

எனக்குப் பதில் வரவில்லை நண்பர்களே. "மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாசகம் எப்படி வந்தது?

மூன்று வருடம் முன்பு எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று நானும் வெப்சைட் வைத்தேன். செய்து கொடுத்தவர் நல்ல பையன்தான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருத்துவமனைகளுக்கென்றே ரெடிமேடாக வரும் ஒரு டெம்ப்ளேட்டை எடுத்தார். என் பெயர், படம், முகவரி மட்டும் மாற்றினார். டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருந்த வாசகங்கள் தமிழாகி அப்படியே நின்றுவிட்டன. அவருடைய பெரிய லேப்டாப் திரையில் காட்டினார். படங்கள் நகர்ந்தன, எழுத்துகள் பறந்து வந்து உட்கார்ந்தன. "சூப்பர் தம்பி" என்றேன். பணம் கொடுத்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டேன். எல்லோரும் கை கூப்பி வாழ்த்தினார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் கூட அதை என் போனில் திறந்து பார்த்ததில்லை. ஒரு வரி கூட முழுதாகப் படித்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாகப் படித்தேன். அதில் "50க்கும் மேற்பட்ட நிபுணர்கள்" வேறு இருந்தது. எங்கள் கிளினிக்கில் பூனையையும் சேர்த்து எண்ணினாலும் ஐந்து தாண்டாது.

மருந்துச் சீட்டில் நான் படிக்காத ஒரு வரியில் கையெழுத்துப் போடுவேனா? மாட்டேன். வெப்சைட்டில் போட்டிருந்தேன்.

ஐந்து பேரை உட்கார வைத்தேன்

வெப்சைட்டை எப்படிச் சோதிப்பது என்று தேடியபோது ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. ஜேக்கப் நீல்சன் என்று ஒருவர், இந்தத் துறையில் மூத்தவர். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அதற்கு லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான். டாக்டர்களுக்கு அந்த வாயை மூடுவதுதான் கஷ்டம்.

நான் கொடுத்த வேலை: "நாளைக்குச் சாயந்திரம் டாக்டர் இருப்பாரான்னு இந்த வெப்சைட்ல பார்த்துட்டு, கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்க."

முதலில் அம்மா, வயது 68. கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "இதுல எழுத்தே இல்லையேப்பா" என்றார். எழுத்து இருந்தது. வெள்ளையில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தது.

இரண்டாவது எங்கள் கம்பவுண்டர் அண்ணன். போன் நம்பரைக் கண்டுபிடித்துத் தொட்டார். போன் போகவில்லை. படம்தான் பெரிதானது. நம்பர் ஒரு படத்துக்குள் இருந்தது. அதைப் பேப்பரில் எழுதி, பிறகு டயல் செய்தார். அது நாங்கள் எப்போதோ ஒப்படைத்துவிட்ட லேண்ட்லைன்.

மூன்றாவது ஆட்டோ ஓட்டும் தம்பி. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "டேட்டா தீர்ந்துரும் சார்" என்று மூடிவிட்டார்.

நான்காவது கல்லூரி மாணவி ஒருவர். வேகமாகப் போனார். பாதியில் ஒரு கட்டம் குதித்து வந்து ஈமெயில் முகவரி கேட்டது. மூடும் குறி எள் அளவு. மூன்று தடவை தொட்டார், மூன்று தடவையும் தவறான இடம்.

ஐந்தாவது பக்கத்து மெடிக்கல் ஷாப் ஐயா. "எதுக்கு வெப்சைட்டு?" என்று நேராக கூகுள் மேப்பில் தேடினார். மேப் காட்டியது பழைய தெரு. நாங்கள் இடம் மாறி இரண்டு வருடமாகிறது.

ஐந்து பேர், ஐந்து கோளாறு. அந்தக் கொத்தனார் நள்ளிரவில், நடுங்கும் கையோடு, இத்தனையையும் தாண்டித்தான் வந்திருக்கிறார். அதில் அவர் நம்பி எடுத்துக்கொண்ட ஒரே வரி பொய்.

அதற்குப் பிறகு படித்தும், கேட்டும், திருத்தியும் நான் தெரிந்துகொண்ட அடிப்படைகளை உங்களுக்காக எழுதுகிறேன். எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

1. முதல் திரையில் உண்மை

எமர்ஜென்சி வார்டில் நோயாளி உள்ளே வந்ததும் நாங்கள் பார்ப்பது மூச்சு, நாடி, நினைவு. குலதெய்வம் எது என்று கேட்பதில்லை. வெப்சைட்டுக்கு வருபவரும் அப்படித்தான், ஒரு கேள்வியோடு வருகிறார். நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்போது திறந்திருக்கும், எப்படித் தொடர்பு கொள்வது. இந்த ஐந்துக்கும் போனில் விரலால் தள்ளாமலே, முதல் திரையிலேயே பதில் இருக்க வேண்டும்.

என் பழைய முதல் திரையில் என்ன இருந்தது? "நல்வரவு" என்று ஒரு வார்த்தை, ஒரு வெளிநாட்டு டாக்டரம்மாவின் சிரிப்பு.

மெஸ் வைத்திருக்கிறீர்களா? இன்றைய சாப்பாடு, விலை, எத்தனை மணி வரை, பார்சல் உண்டா. கல்யாண மண்டபமா? எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை கார் நிற்கும், வாடகை, உங்கள் மண்டபத்தின் சொந்தப் போட்டோ. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறீர்களா? எடை, விலை, கூரியர் செலவு, பாட்டில் உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள். "1985 முதல் உங்கள் சேவையில்" எல்லாம் கீழே வரட்டும்.

உங்களிடம் இல்லாத ஒன்று உங்கள் வெப்சைட்டில் இருக்கக் கூடாது. டெம்ப்ளேட்டில் வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். உண்மை இல்லையென்றால் அழியுங்கள்.

2. போனில் பாருங்கள்

வெப்சைட் செய்பவர் லேப்டாப்பில் காட்டுவார். வாடிக்கையாளர் பார்ப்பது போனில். அதுவும் கீறல் விழுந்த கண்ணாடி, வெயில், ஒரு கையில் குழந்தை.

திரையின் அகலத்துக்கு ஏற்ப பக்கம் தானாக மாறி அமைகிற முறைக்கு ரெஸ்பான்சிவ் டிசைன் என்று பெயர். ஈதன் மார்காட் என்பவர் 2010இல் அந்தப் பெயரை வைத்தார். இப்போது இது சாதாரணம், இதற்கென்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கூகுளும் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைப் பார்த்துத்தான் தன் பட்டியலில் சேர்க்கிறது. லேப்டாப்பில் அழகாக இருந்து போனில் உடைந்து கிடந்தால், அந்த உடைந்ததுதான் கணக்கு.

3. வேகம்

என் முதல் பக்கத்தின் எடை 12 எம்பி. கணக்குப் போடுங்கள். 12 எம்பி என்றால் 96 மெகாபிட். கிராமத்தில் மழை நேரத்தில் நொடிக்கு 2 மெகாபிட் வந்தால் 48 நொடி. கட்டுவிரியன் கடித்த வீட்டில் 48 நொடி எவ்வளவு நீளம் என்று யோசியுங்கள். மற்ற வீடுகளில் மூன்று நொடியிலேயே பொறுமை போய்விடும், அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கூகுள் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. அதன் பெயரே எங்கள் பாஷைதான், கோர் வெப் வைட்டல்ஸ். நாடி, பிரஷர் மாதிரி. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைவு தெரிய வேண்டும். படிக்கும்போது பக்கம் எகிறிக் குதிக்கக் கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்று தேடினால் கூகுளின் இலவசச் சோதனைப் பக்கம் வரும். உங்கள் முகவரியைப் போட்டால் ரிப்போர்ட் வந்துவிடும்.

பெரும்பாலும் நோய் ஒன்றுதான்: போட்டோ. போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறோம். அதையே 200 கேபிக்குச் சுருக்கினால் போன் திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நகரும் படங்களையும் தானாக ஓடும் வீடியோவையும் எடுத்ததும் என் பக்கம் 1 எம்பிக்குக் கீழே வந்துவிட்டது.

4. கண்ணுக்குத் தெரியணும், விரலுக்கு எட்டணும்

நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் மங்கும். சுகர் உள்ளவர்களுக்கு விழித்திரைப் பிரச்சினை இருக்கலாம். இவர்கள்தான் என் நோயாளிகள், உங்கள் கடைக்குக் காசு கொடுப்பவர்களும் இவர்கள்தான்.

இதற்கும் சர்வதேச வழிகாட்டுதல் உண்டு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து இதில் தேறாது. வெள்ளையில் கறுப்பு எழுதுங்கள், தப்பே வராது. எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். தமிழில் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

பொத்தான்கள் விரல் அளவுக்கு இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்லும் அளவு சுமார் 9 மில்லிமீட்டர். கை நடுக்கம் உள்ளவருக்கு எள்ளைத் தொடு என்று சொன்னால் எப்படித் தொடுவார்?

5. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கடை நேரம், விலைப்பட்டியல், போன் நம்பர் எல்லாவற்றையும் போஸ்டராக டிசைன் பண்ணி, அந்தப் படத்தை வெப்சைட்டில் ஒட்டிவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடி எடுப்பது கஷ்டம், பெரிதாக்கினால் உடையும், காப்பி பண்ண முடியாது. பார்வையற்றவர்கள் போனில் திரையை வாசித்துக் காட்டும் செயலியை வைத்திருப்பார்கள். அது அந்த இடத்தில் "படம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

தமிழ் எழுத்தை யூனிகோடில் டைப் செய்து போடுங்கள். நம்பரைத் தொட்டால் போன் போகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். அது ஒரே ஒரு வரி வேலை. படம் போட்டே ஆக வேண்டும் என்றால், அது என்ன படம் என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கென்று இடம் இருக்கிறது.

உங்கள் ஊர் ஆட்கள் எந்த மொழியில் தேடுகிறார்களோ அந்த மொழியில் எழுதுங்கள். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று தேடுபவர்தான் அதிகம். "பீடியாட்ரிக் பைரெக்சியா" என்று எழுதி யாரைக் கூப்பிடப் போகிறோம்?

6. அழகு என்பது சுத்தம்

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளி என் திறமையை அளப்பதற்கு முன்பே கிளினிக்கின் தரையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். வெப்சைட்டும் அப்படித்தான். ஆனால் கிளினிக் சுத்தமாக இருக்க தங்கத் தரை தேவையில்லை. இரண்டு நிறம், ஒன்றிரண்டு எழுத்துரு, நிறைய காலியிடம், ஒரு பக்கத்துக்கு ஒரு முக்கியப் பொத்தான். போதும்.

உலகின் முதல் வெப்சைட் ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ செய்தது. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். இன்றும் திறந்து பார்க்க முடிகிறது, படிக்க முடிகிறது. அதில் ஆடும் படம் எதுவும் இல்லை.

7. எல்லா இடத்திலும் ஒரே பதில்

வெப்சைட்டில் ஒரு நேரம், கூகுள் மேப்பில் ஒரு நேரம், ஷட்டரில் பெயின்ட் அடித்தது ஒரு நேரம் என்று இருந்தால் வாடிக்கையாளர் மூன்றையும் நம்ப மாட்டார். மேப்பில் உங்கள் கடையின் பக்கத்தை உரிமையாளர் என்ற முறையில் நீங்களே இலவசமாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். இடம், நேரம், பண்டிகை விடுமுறை எல்லாம் மாற்றலாம். இடம் மாறினால், நம்பர் மாறினால், எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவுக்குள் வைத்திருங்கள்.

8. சாவி யாரிடம்?

இது எனக்கே அதிர்ச்சி. "24 மணி நேரம்" வரியை அன்றைக்கே அழிக்கலாம் என்று பார்த்தால் என்னிடம் பாஸ்வேர்டே இல்லை. முகவரிப் பெயர், அதாவது டொமைன், செய்து கொடுத்தவரின் ஈமெயிலில் பதிவாகியிருந்தது. அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து வாங்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அந்தப் பொய் அங்கேயேதான் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் போன் அடித்தால் திடுக்கிட்டேன்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் வேறு யாராவது வாங்கிவிடலாம். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரவுசரே "பாதுகாப்பற்றது" என்று உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும். அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

9. கேட்பதைக் குறைத்துக் கேளுங்கள்

அப்பாயின்ட்மென்ட்டுக்குப் பெயரும் நம்பரும் போதும். பிறந்த தேதி, ஆதார், தொழில் எல்லாம் எதற்கு? வாங்கி வைத்தால் பாதுகாக்கும் பொறுப்பும் நமக்கே. இதற்கென்றே 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது.

டாக்டர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பது நமது 2002 நெறிமுறை விதிகளின்படி தவறு. நோயாளியின் படத்தையும் "டாக்டர் கைபட்டதும் குணமானது" என்ற சாட்சியங்களையும் போடாதீர்கள். தகவல் சொல்லுங்கள், போதும்.

10. மாதம் ஒருமுறை

வெப்சைட் சுகர் மாதிரி. ஒருமுறை மாத்திரை வாங்கியதோடு முடிகிற வியாதி கிடையாது. மாதத்தின் முதல் தேதி ஐந்து நிமிடம். உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டு, புது ஆள் மாதிரி திறந்து பாருங்கள். நேரம் சரியா, நம்பர் போகிறதா, விலை பழையதா. எங்கள் கிளினிக்கில் இது மூத்த சிஸ்டரின் பொறுப்பு. மருந்து ஸ்டாக் பார்க்கும் நோட்டிலேயே இதற்கும் ஒரு வரி போட்டு டிக் அடிக்கிறார்.

இப்போது என் வெப்சைட் ஒரே பக்கம். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். மேலே கறுப்பு எழுத்தில் முதல் வரி இதுதான்:

"இது 24 மணி நேர மருத்துவமனை அல்ல. இரவிலும் அவசரத்திலும் 108ஐ அழையுங்கள்."

அதற்குக் கீழே 108 என்று ஒரு பெரிய பொத்தான். அதற்கும் கீழே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகும் வழி. அப்புறம்தான் என் பெயர், நேரம், கிளினிக் நம்பர்.

"என்ன சார், உங்க வெப்சைட்ல போயி அடுத்த ஆஸ்பத்திரிக்கு வழி போட்டிருக்கீங்க, வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரு நண்பர் சிரித்தார். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. "டாக்டர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டு வரும் போன்கள்தான் குறைந்தன. சிஸ்டர்களுக்கு நிம்மதி.

போகிற போக்கில் டாக்டராக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள், படுத்தே ஆக வேண்டும் என்றால் கொசுவலையை பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் காரணமில்லாத வயிற்று வலியோடு இமை சரிந்தால் பாம்புக்கடி என்றே நினையுங்கள். கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

போன மாதம் அந்தக் கொத்தனார் மகனுக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக்கு வந்திருந்தார். மனைவியும் வந்தார். கிளம்பும்போது சொன்னார்: "சார், வர்றதுக்கு முன்னாடி உங்க வெப்சைட்ல பார்த்துட்டுத்தான் வந்தேன். சாயந்திரம் ஆறு மணிக்குன்னு போட்டிருந்துச்சு. ஆறு மணிக்கு நீங்க இருந்தீங்க."

இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

நண்பர்களே, இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் லைக் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடை வெப்சைட்டை உங்கள் போனில் திறங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படியுங்கள். நம்பரைத் தொட்டுப் பாருங்கள், போன் அடிக்கிறதா என்று. பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்கள் கையில் கொடுத்து, பேசாமல் பாருங்கள்.

என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். நேரம் கிடைக்கும்போது எல்லாவற்றையும் படிக்கிறேன்.


உங்கள் பொதுநல மருத்துவர்